மடிப்பில் சோலை, மூக்கில் புல்

தூத்துக்குடி மாவட்டத்தின் வடமேற்கில் கோவில்பட்டியைச் சூழ்ந்து கிடக்கும் கரிசல் காட்டுக்கும், அதே மாவட்டத்தின் தெற்கில் சாத்தான்குளம், திருச்செந்தூர் வட்டாரங்களில் செக்கச்செவேலெனக் குவிந்திருக்கும் தேரி மணலுக்கும் இடையிலான தொலைவு நூறு கிலோமீட்டருக்கும் குறைவே. இரண்டு இடங்களுக்கும் முதன்மையாக மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. இரண்டிலும் மழை சொற்பம், வெயில் கடுமை. ஆயினும் கரிசலில் பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைய, மரம் என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் கண்மாய்க் கரையிலும் அதன் உள்வாயிலும் நிற்கும் கருவேலமாகவே இருக்கிறது. தேரியிலோ பனையும், குடை விரித்தாற்போல் தட்டையான தலைகொண்ட உடைமரமும், மனிதர் நட்டு வளர்த்த கொல்லாமரமும் நிற்கின்றன. வானம் ஒன்றாயிருக்க மண்மேல் நிற்பவை இவ்வளவு வேறுபடுமானால், அதற்கான காரணத்தை நிலத்தின் வடிவத்திலும், அந்த வடிவத்தை உண்டாக்கி இன்றும் மாற்றிக்கொண்டிருக்கும் செயல்களிலும் தேட வேண்டியிருக்கிறது. மலை, சரிவு, பள்ளத்தாக்கு, மணற்குன்று, ஆற்றங்கரை ஆகிய நிலவுருவங்களையும், பாறைச் சிதைவு, அரிப்பு, மண்சரிவு, படிவு ஆகிய செயல்களையும் ஆராயும் துறையை நிலவுருவவியல் என்பர். தாவரப் பரவலை விளக்கும்போது காலநிலைக்கு அடுத்த இடமே இத்துறைக்கு நெடுங்காலம் தரப்பட்டு வந்தது. அந்த வரிசை எல்லா இடத்துக்கும் பொருந்துவதாகச் சொல்ல முடியாது.

அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் 1802இல் ஆண்டிஸ் மலைத்தொடரின் சிம்போராசோ மலையில் ஏறி, 1807இல் வெளியிட்ட புகழ்பெற்ற படத்தில் எந்த உயரத்தில் எந்தச் செடி வளர்கிறது என்பதை மலையின் குறுக்குவெட்டின் மீதே எழுதிக் காட்டினார். அப்படத்தில் மலை என்பது குளிரை அளக்கும் ஏணியாகவே நின்றது. ஏற ஏற வெப்பம் குறையும், அதற்கேற்பத் தாவரம் மாறும் என்பதே அதன் சாரம். ஒரே உயரத்தில், ஒரே மலையில், முந்நூறு அடி தள்ளி நிற்கும் இரண்டு சரிவுகள் வேறு வேறு காடுகளைத் தாங்குவதை அந்த ஏணி விளக்காது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நிலவியலும் பயின்ற தாவரவியலாளர் ஹென்றி சாண்ட்லர் கௌல்ஸ், மிச்சிகன் ஏரிக்கரை மணற்குன்றுகளைப் பற்றி 1899இல் எழுதிய ஆய்வில், மணற்குன்று நகர்வதும் நிலைப்பதும் எப்படியோ அப்படியே அதன் மீதுள்ள செடிகொடிகளும் மாறுகின்றன என்று காட்டியபோதுதான் நிலம் ஒரு மேடை என்ற நிலையிலிருந்து நாடகத்தின் பாத்திரமாக மாறியது.

இன்னும் நுட்பமான ஆய்வு 1960இல் வெளிவந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில மலைகளில் லிட்டில் ரிவர் என்னும் சிற்றாற்றுப் படுகையை, நிலவியலாளர் ஜான் ஹேக்கும் தாவரவியலாளர் ஜான் குட்லெட்டும் சேர்ந்து ஆராய்ந்தனர். மலைச்சரிவை அவர்கள் வடிவத்தை வைத்துப் பகுத்தனர்: வெளிப்புறம் புடைத்து, மழைநீரை இருபுறமும் பிரித்து அனுப்பும் பகுதியை மூக்கு என்றும், உட்குழிந்து, நாலாபுறத்து நீரையும் ஒரு வழியில் கூட்டும் பகுதியை மடிப்பு என்றும், இடைப்பட்ட நேர்ச்சரிவைப் பக்கச்சரிவு என்றும் கொண்டனர். மூக்குகளில் பைன் மரங்களும், பக்கச்சரிவுகளில் ஓக் மரங்களும், மடிப்புகளில் ஈரம் விரும்பும் அகன்ற இலைமரங்களும் நிற்பதைக் கண்டு, மழைமானி ஒன்றே என்றாலும் மண்ணுக்குள் சேரும் நீர் வேறு வேறு என்பதை நிறுவினர். வானத்திலிருந்து விழும் மழையளவு ஒன்று. ஒரு மரத்தின் வேருக்கு வந்து சேரும் நீரின் அளவு முற்றிலும் வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே நின்று பங்கு பிரிப்பது சரிவின் வளைவு.

இந்தப் பங்கீட்டை இந்தியாவில் மிகத் தெளிவாகக் காணக்கூடிய இடம் நீலகிரியின் மேட்டுநிலம். வடக்கே மோயாறும் தெற்கே பவானியும் எல்லை வகுக்க, சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும் இந்த மலைத்திணிவின் உச்சிப்பரப்பு, 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவைத் தவிர்த்தால், கூரிய சிகரங்கள் அதிகமில்லாத, கவிழ்த்த கிண்ணங்களை அடுக்கி வைத்தது போன்ற உருண்ட குன்றுகளின் தொகுதி. அடிப்பாறை சார்னோகைட் எனப்படும் கடினமான பாறை. சென்னையை அடுத்த பரங்கிமலையில் கிடைக்கும் இதே பாறைக்கு, கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறையில் பதிக்கப்பட்ட கல்லைக் கொண்டு தாமஸ் ஹாலண்ட் பெயர் சூட்டினார் என்பது நிலவியல் வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. ஈரம் மிகுந்த இம்மலையில் அந்தப் பாறை, நெடுங்காலமாக நீரோடு வினைபுரிந்து உள்ளுக்குள் மக்கி, வடிவம் கலையாமலே கையால் உதிர்க்கத்தக்க செம்மண்ணாக மாறியிருக்கிறது. சாலை வெட்டப்பட்ட இடங்களில் இந்தச் சிதைவுப்படலம் ஆளுயரத்துக்கும் மேலே தெரிவதையும், அதற்குள் இன்னும் மக்காத உருண்டைப் பாறைகள் பதிந்திருப்பதையும் காணலாம்.

இக்குன்றுகளின் மூக்குகளிலும் முகடுகளிலும் புல்வெளி, மடிப்புகளில் சோலை. தொலைவிலிருந்து நோக்கினால், மலையின் ஒவ்வொரு சுருக்கத்திலும் கரும்பச்சையை யாரோ திணித்து வைத்தது போலத் தெரியும். சோலை என்னும் பொதுச்சொல்லையே ஆங்கிலேய வனத்துறையினர் அப்படியே எடுத்து இக்காட்டுவகைக்குப் பெயராக்கினர். அதன் மரங்கள் நெடிதுயர்ந்தவை அல்ல. நாவல் இனத்தவை, காட்டுச் செண்பகம், லவங்கத்தின் உறவுகள் முதலியவை தலையோடு தலை முட்ட நெருங்கி நின்று, சிறிய தடித்த இலைகளால் ஒரே கூரையாக மூடுகின்றன. கிளைகளில் பாசியும் ஆர்க்கிட்டும் தொற்றியிருக்கின்றன. கால் வைத்தால் அமுங்கும் கரிய மட்குமண். எல்லையில் இரண்டு அடி எடுத்து வைத்தால் மரம் முடிந்து, முழங்கால் உயரப் புல் தொடங்கிவிடுகிறது. இவ்வளவு கூரான எல்லை இயற்கையில் அபூர்வம் என்பதால்தான் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக இதன்மேல் விவாதம் ஓய்ந்தபாடில்லை.

மடிப்பில் நீர் கூடுகிறது, மேலிருந்து வழிந்து வரும் மண்ணும் தங்கி ஆழமாகிறது, காற்றின் வேகம் தணிகிறது, தீயும் ஈரத்தைக் கண்டு நின்றுவிடுகிறது. எனவே மரம் அங்கே நிற்கிறது என்பது எளிய விளக்கம். அது உண்மைதான், ஆனால் முழுமையானதன்று. மூக்கில் மரமே வளர முடியாத அளவுக்கு வறட்சி இருப்பதாகச் சொல்ல இயலாது. பருவமழை மாதங்களில் நனைந்து ஊறும் மலை அது. 1938இல் ரங்கநாதன் என்னும் வனத்துறை ஆய்வாளர், தடை வறட்சியன்று, உறைபனி என்ற கருத்தை முன்வைத்தார். அதே ஆண்டில் போர் என்னும் தாவரவியலாளர் தீயும் மேய்ச்சலுமே புல்வெளியை உண்டாக்கின என்று வாதிட்டார். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான தெளிந்த இரவுகளில் புல்லின் இலை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து, விடியலில் வெண்பூச்சாக உறைபனி தரிக்கிறது. சோலையின் கூரைக்கடியிலோ வெப்பம் அவ்வாறு தப்பிப்போவதில்லை. ஆகையால் கூரைக்கு வெளியே விழும் விதை முளைத்தாலும், நாற்று முதல் பனிக்காலத்தைத் தாண்டுவது கடினம். சோலையின் நாற்றைச் சோலையே காக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் அது தோன்றுவதில்லை. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பனிக்கருத்துக்கு வலுச் சேர்த்திருக்கிறது.

இங்கே நிலவுருவம் இன்னொரு திருப்பத்தைத் தருகிறது. குளிர்ந்த காற்று எடைமிகுந்தது; நீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தின் அடியில் தேங்குவது அதன் இயல்பு. அப்படியானால் உறைபனி மிகக் கடுமையாக இருக்க வேண்டிய இடம் மலையின் தாழ்விடம். சோலை அங்கேதானே இருக்கிறது என்ற கேள்வி எழும். உண்மையில் சோலை இருப்பது சரிவின் மேற்பாதியிலும் நடுவிலும் உள்ள மடிப்புகளில், ஓடை தொடங்கி இறங்கும் சாய்வான இடங்களில். குளிர்காற்று அங்கே தங்காமல் வழிந்துபோகிறது. அகன்று தட்டையான பள்ளத்தாக்கின் அடியில், குளிரும் நீரும் ஒருசேரத் தேங்கும் இடத்தில் மரம் இல்லை. கோரையும் பாசியும் புல்லும் மட்டுமே வளரும் சேற்றுச் சதுப்பு இருக்கிறது. மேலே புல், நடுவில் சோலை, அடியில் சதுப்பு என்று ஒரே சரிவில் மூன்று உலகங்கள் அடுக்கப்பட்டிருப்பதை நீர் ஒன்றைக் கொண்டோ குளிர் ஒன்றைக் கொண்டோ விளக்க முற்படுவது வீண். வேருக்குக் கிடைக்கும் நீர், தேங்கும் குளிர், வேருக்குத் தேவையான காற்று ஆகிய மூன்றையும் சரிவின் கோணம் ஒரே கையால் பகிர்ந்தளிக்கிறது.

அந்தச் சதுப்புகள் விவாதத்துக்கு எதிர்பாராத சான்றையும் சேர்த்து வைத்திருந்தன. காற்றுப்படாத நீரில் செடிகள் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து பீட் என்னும் கரிய படிவாகின்றன. மரங்களும் பெரும்பாலான குளிர்நிலச் செடிகளும் கரியமில வாயுவை உட்கொள்ளும் வழி வேறு, வெப்பமண்டலப் புற்கள் பலவற்றின் வழி வேறு. அதனால் கார்பன் 13 என்னும் சற்றே எடைமிகுந்த கரி அணு இரண்டிலும் வெவ்வேறு விகிதத்தில் எஞ்சுகிறது. பீட்டின் ஆழத்துக்கேற்ப அந்த விகிதத்தை அளந்து ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை, கடந்த 20,000 ஆண்டுகளில் நீலகிரியில் புல்லின் ஆதிக்கம் மழைக்கேற்பக் கூடியும் குறைந்தும் வந்திருப்பதைக் காட்டியது. பனியுக உச்சத்தின் வறண்ட காலத்திலேயே அங்கே வெப்பமண்டலப் புல் பரவியிருந்தது என்றால், புல்வெளி முழுவதும் மனிதன் காட்டை எரித்து உண்டாக்கியது என்ற வாதம் நிற்காது. புல்வெளியைத் தரிசு என்று கருதி அதில் மரம் நட்டவர்களின் முடிவு எவ்வளவு பெரிய பிழை என்பது இதிலிருந்து விளங்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சீகை மரம் இன்று அதே மூக்குகளில் தானாகவே பரவிக்கொண்டிருக்கிறது. மண் அங்கே மரத்தை மறுக்கவில்லை. உறைபனி தாங்காத உள்ளூர் நாற்றை மட்டுமே மறுத்தது என்பதைக் கசப்பாக மெய்ப்பித்த சோதனை அது.

சோலை விளிம்பில் புல்லுக்குள் துணிந்து வெளியேறி நிற்கும் உள்ளூர் மரம் ஒன்று உண்டு. செந்நிறப் பூங்கொத்துகளுடன் கூடிய காட்டுப்பூவரசு என்னும் ரோடோடெண்ட்ரான். தடித்த பட்டை அதைத் தீயிலிருந்து காக்கிறது. அதன் நெருங்கிய உறவுகள் வாழ்வது இமயத்திலும், இலங்கையின் நடு மலைநாட்டிலும். இடைப்பட்ட சமவெளி முழுவதும் அதற்குக் கடலுக்கு ஒப்பானது. உயர்மலைச் செடிக்கு ஒவ்வொரு மலையும் ஒரு தீவு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் மலைத்தொடர் முற்றிலும் அறுபட்டுக் கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய், கோவைக்குத் தென்மேற்குக் காற்றை வழங்கும் வாசலாக இருக்கும் அதே வேளையில், குளிர்விரும்பும் உயிர்களுக்குத் தாண்டமுடியாத நீரிணையாகவும் இருக்கிறது. தெற்கே செங்கோட்டைக் கணவாய் அதனினும் குறுகியது. ஆயினும் அதற்குத் தெற்கே உள்ள அகத்தியமலைத் தொகுதியில் வேறெங்கும் இல்லாத செடிகள் ஏராளம்.

மலையின் மடிப்பு காட்டுக்குத் தாய்மடி என்று முடித்துவிடவும் முடியாது; அதுவே அபாயத்தின் பிறப்பிடமும் ஆகும். மேலிருந்து நழுவி வரும் தளர்மண் மடிப்பில்தான் திரள்கிறது, பெருமழையில் நீர் அங்கேதான் கூடுகிறது, நனைந்து கனத்த மண் அங்கிருந்துதான் முதலில் பிய்த்துக்கொண்டு போகிறது. ஹேக்கும் குட்லெட்டும் லிட்டில் ரிவரைத் தேர்ந்தெடுத்ததன் பின்னணியில் 1949 ஜூனில் அப்படுகையைச் சிதைத்த மழைவெள்ளம் இருந்தது. நீலகிரியில் 2009 நவம்பரில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. அவலாஞ்சி என்ற ஊர்ப்பெயரே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர்ந்த ஒரு பெருஞ்சரிவின் நினைவு. சரிந்த வடுவில் மட்குமண் இல்லை, விதை இல்லை, நிழல் இல்லை; செம்மண்ணின் உட்சதை வெயிலில் திறந்து கிடக்கிறது. அத்தகைய இடங்களை முதலில் மூடுவது கிடைமட்டத் தண்டால் படரும் பெரணிகள். அவற்றின் வலைக்குள் மண் தங்கிய பிறகே புதர் வருகிறது, அதற்குப் பிறகே மரம். மழை மலையின் எந்தப் பக்கத்தைக் கிழிக்கிறதோ அங்கே காட்டின் வயது குறைந்து, அடுத்த மூக்குக்கு அப்பால் அது முதிர்ந்தே நிற்கும். ஒரு காட்டில் வெவ்வேறு வயதுள்ள துண்டுகள் காணப்படுவதற்குச் சரிவுகளின் வரலாறும் ஒரு காரணம்.

செங்குத்துப் பாறைமுகம் செய்யும் உதவி வேறு விதமானது. அகத்தியமலை முதலிய தென்மலைகளில் வரைக்கமுகு என்னும் மெல்லிய பனைவகை, எட்டிப் பார்க்கவும் அஞ்சத்தக்க பாறை விளிம்புகளில் வரிசையாக நிற்கிறது. அதன் குருத்து யானைக்கு மிகவும் பிடித்த உணவு. யானை ஏற முடிந்த சரிவுகளில் அது தப்புவதில்லை. இதன் இனத்தில் உலகில் இரண்டே வகைகள் உள்ளன, மற்றொன்று இருப்பது நிக்கோபார் தீவுகளில். பாறைவிளிம்பு அதற்குப் பிடித்தமான இடம் என்பதைவிட, விட்டுவைக்கப்பட்ட இடம் என்பதே பொருத்தம். தாவரப் பரவலைப் படத்தில் காண்போர் இந்த வேறுபாட்டை அடிக்கடி தவற விடுகின்றனர்.

செங்கோட்டைக் கணவாயைத் தாண்டிக் கேரளத்தின் குளத்துப்புழைப் பகுதிக்கு இறங்கினால், அடி தட்டையான சிறுபள்ளத்தாக்குகளில், ஆண்டின் பெரும்பகுதி நீர் நிற்கும் காட்டுச் சாதிக்காய்ச் சதுப்புகள் உள்ளன. 1960இல் அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்ட இக்காட்டில், மூழ்கிய மண்ணில் காற்றுக் கிடைக்காத வேர்கள், முழங்காலை மடித்து வைத்தது போலச் சேற்றுக்கு வெளியே வளைந்து எழுந்து, மூச்சுவிட்டு, மீண்டும் சேற்றுக்குள் இறங்குகின்றன. பள்ளத்தாக்கின் அடி சற்றே சாய்வாக இருந்து நீர் வடிந்துவிடும் இடத்தில் இந்த மரங்கள் இல்லை. இத்தகைய தட்டையான அடிப்பரப்பு நெல்லுக்கும் உகந்தது என்பதால் பல சதுப்புகள் வயலாகிவிட்டன. மீந்தவை திட்டுத்திட்டாகச் சிதறியிருக்கின்றன.

மலையை விட்டிறங்கிய ஆறு தாவரத்துக்குத் தரும் நிலம் ஆண்டுதோறும் மாறுவது. தாமிரபரணியின் மேற்பகுதியில் பாறைகளுக்கிடையே நீர் அறைந்து செல்லும் படுகையில், அலரியை ஒத்த குறுகிய இலைகளும் முறியாமல் வளையும் தண்டும் கொண்ட புதர்ச்செடி பாறைப்பிளவைப் பற்றிக்கொண்டு வெள்ளத்தின் அடியில் படுத்து, வெள்ளம் வடிந்ததும் எழுந்து நிற்கிறது. கீழே, ஆற்றின் வளைவில் உட்புறமாக மணல் திரளும் திட்டில் நாணல் குடியேறுகிறது. வெளிப்புறமாக அரிக்கப்படும் கரையில் நீர்மருது தன் வேர்களைப் பரப்பிக் கரையைத் தாங்கி நிற்கிறது. வழுவழுப்பான வெளிர்ப்பட்டையும், ஐந்து இறகுகள் ஒட்டியது போன்ற காயும் அம்மரத்தின் அடையாளம். மிதந்து செல்லும் அக்காய், ஆறே சுமந்து ஆறே இறக்கிவிடும் கரையில் முளைக்கிறது. தமிழ் மரபு ஆற்றுப்பாய்ச்சல் நிலத்துக்கு மருதம் என்றே பெயரிட்டிருப்பதை இங்கே நினைவுகூரலாம்; ஆனால் திணைப்பெயர்கள் பாட்டின் உரிப்பொருளுக்காக அமைந்தவை, அவற்றைத் தாவரவியல் வகைப்பாடாக நீட்டுவது மிகை. மருதமரம் கரைக்கு நிற்கிறதா, கரை மருதத்தால் நிற்கிறதா என்று பிரித்துச் சொல்வதும் எளிதன்று. ஆற்றுமணலை ஆழ அள்ளிய இடங்களில் படுகை தாழ்ந்து, அதனோடு நிலத்தடி நீரும் இறங்கி, கரையிலேயே நின்றும் மரம் தாகத்தில் தலைகாயும்.

சமவெளியில் மேடும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மென்மையானவை. மண்ணின் நிறமே அவற்றைக் காட்டிக்கொடுக்கிறது. மேட்டிலிருந்து பள்ளம் வரை மண் ஒரு சங்கிலியின் கண்ணிகள் போலத் தொடர்ந்து மாறும் என்பதைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் 1930களில் ஜெஃப்ரி மில்ன் விளக்கி, சங்கிலி என்று பொருள்படும் லத்தீன் சொல்லாலேயே அதற்குப் பெயரிட்டார். நீர் வடிந்துபோகும் மேட்டில் இரும்பு துருவேறிச் செம்மண்ணாகிறது; கரைந்த சுண்ணாம்பும் நுண்களியும் வந்து தேங்கும் தாழ்வில் கரிசல் உண்டாகிறது. மேட்டுநிலம் புஞ்சைக்கு, பள்ளம் நஞ்சைக்கு என்று உழவர் வகுத்த வழக்கில் இந்தச் சங்கிலி அடங்கியே இருக்கிறது.

இப்போது தேரிக்கும் கரிசலுக்கும் திரும்பலாம். தேரி என்பது காற்று கொண்டுவந்து குவித்த நுண்மணல். ஒவ்வொரு மணியின் மீதும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால் வந்தது அதன் சிவப்பு. ஒரு கைப்பிடி அள்ளினால் விரலிடுக்கில் வழியும். உள்ளங்கையில் செம்பொடி எஞ்சும். இப்படிப்பட்ட மணலில் மரம் நிற்பதும், கைக்கொள்ளாத அளவு நீரைப் பிடித்து வைக்கும் கரிசலில் மரம் அரிதாக இருப்பதும் முதல் பார்வைக்கு முரணாகத் தோன்றும். இஸ்ரேலியச் சூழலியலாளர் இமானுவேல் நாய்-மெயர் 1973இல் வறண்ட நிலங்களைப் பற்றி எழுதியபோது இம்முரணை விளக்கினார். மழை மிகுந்த நாட்டில் நீர் ஆழத்துக்கு இறங்கி இழக்கப்படுவதே பெரிய நட்டம். எனவே அங்கே களிமண் மேல். மழை குறைந்த நாட்டிலோ பெரிய நட்டம் மேற்பரப்பிலிருந்து ஆவியாவது. மணலில் விழுந்த மழை தேங்காமல் உடனே கீழிறங்கிவிடுகிறது, மேலுள்ள சில அங்குல மணல் விரைவில் உலர்ந்து போர்வையாகி அடியீரத்தைக் காக்கிறது. களியில் விழுந்த மழையோ மேலடுக்கிலேயே தங்கி வெயிலுக்கு இரையாகிறது. அத்துடன் கரிசல் கோடையில் கைநுழையும் அளவுக்கு வெடித்து, இளமரத்தின் வேரை அறுத்தும் விடுகிறது. ஒரே மழைக்குப் பிறகு முழுமூச்சாய் வளர்ந்து முடிந்துவிடும் பயிருக்குக் கரிசல் வாய்ப்பானது. வேரைப் பல அடி ஆழத்துக்கு இறக்கிப் பல்லாண்டு காத்திருக்கும் பனைக்குத் தேரி வாய்ப்பானது. உடைமரத்தின் இயற்கையான பரவல் தென் தமிழகத்தோடும் இலங்கையின் வடமேற்குக் கரையோடும் நின்றுவிடுவதற்கு, வறண்ட கடலோரமும் மணல்சார்ந்த நிலமும் சேர்ந்து அமையும் இடம் குறைவு என்பதும் ஒரு காரணமாகலாம்.

மேடு பள்ளத்தின் அளவு மிகச் சிறுத்தும் விளைவு மிகப் பெருத்தும் இருப்பது கடலும் ஆறும் சந்திக்கும் சேற்றில். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த பிச்சாவரத்தில் ஓதத்தின் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே ஒரு சாண் உயரம் என்பது ஒரு செடி நாளுக்கு இருமுறை நனைகிறதா, மாதத்தில் சில நாள் மட்டும் நனைகிறதா என்பதைத் தீர்மானிக்கும். ஓடையின் விளிம்பில், எப்போதும் நீர் அலையும் இடத்தில், தண்டிலிருந்தே கால்களை ஊன்றி நிற்கும் சுரபுன்னை. அதற்குப் பின்னால் சற்றே உயர்ந்த சேற்றில், பென்சில்களை நட்டு வைத்தது போல மூச்சுவேர்கள் முளைத்திருக்கும் வெண்கண்டல். அதற்கும் பின்னால், கடல்நீர் எப்போதாவது மட்டும் எட்டும் மேட்டில் தில்லை. ஒடித்தால் பால் கசியும் மரம் அது. கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்பதால் விறகு வெட்டுவோர் அதை ஒதுக்குவர். இலை உதிருமுன் சிவந்து நிற்கும். தில்லை என்று அதன் பெயரையே பழம்பெயராகத் தாங்கிய சிதம்பரம் இன்று பிச்சாவரத்துக்கு மேற்கே, நெல்வயல்களின் நடுவில் இருக்கிறது. கடலோரச் சதுப்பின் உள்விளிம்பு மரம் ஒன்று இவ்வளவு உள்ளே ஒரு தலத்துக்குப் பெயர் தந்திருப்பது, கழிமுகம் வண்டலால் நிரம்பிக் கரை கிழக்கே நகர்ந்ததைக் குறிக்கலாம் என்று கருத இடமுண்டு. ஊர்ப்பெயரும் மரபும் தனித்து நின்று நிலவியல் சான்றாகிவிடா என்றாலும், கரையோரமாக வரிசையிட்டுக் கிடக்கும் பழைய கடற்கரை மணல்மேடுகள் அக்கருத்துக்குத் துணைநிற்கின்றன.

இந்தச் சாண் கணக்கை மனிதன் தவறவிட்டதன் விளைவும் பிச்சாவரத்திலேயே பதிவாகியிருக்கிறது. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை காட்டைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் மரங்களை ஒட்ட வெட்டி, அவை தாமே தழைக்கும் என்று விட்டுவிட்டனர். நிழல் இழந்த சேறு வெயிலில் உலர்ந்து சுருங்கிச் சற்றே தாழ்ந்தது. வெட்டப்பட்ட பரப்பு நடுக்குழிந்த தொட்டியானது. பெருவோதத்தின்போது அதற்குள் புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பை விட்டுச் சென்றது. அடுத்த பெருவோதம் இன்னும் கொஞ்சம் உப்பைச் சேர்த்தது. கடல்நீரைவிடப் பன்மடங்கு உவர்த்த அந்த மண்ணில் வெண்கண்டலின் விதையும் பிழைக்கவில்லை. நாற்று நட்டவர்கள் திரும்பத் திரும்பத் தோற்றதற்குக் காரணம் நாற்றில் இல்லை, தரையின் வடிவத்தில் இருந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழக வனத்துறையும், மீனின் முதுகெலும்பும் பக்கமுட்களும் போல ஒரு நடுவாய்க்காலும் அதில் சாய்ந்து இணையும் கிளைவாய்க்கால்களும் வெட்டி, ஓதநீர் நாள்தோறும் வந்து கழுவிச் செல்ல வழிசெய்த பிறகே உப்பு இறங்கியது. வாய்க்கால் சரிவுகளில் நட்ட வெண்கண்டல் வேர்பிடித்தது. கிளைவாய்க்காலின் கரைமட்டம் சற்று உயர்ந்துவிட்டால் நாற்று காயும், சற்றுத் தாழ்ந்துவிட்டால் மூழ்கும் என்பதால், நடுபவர் கரையின் பாதிச்சரிவில்தான் குழி எடுக்க வேண்டும். ஆறு கொண்டுவரும் வண்டல் அந்த வாய்க்கால்களையும் மெல்ல மெல்லத் தூர்க்கிறது. அவ்வப்போது தூர்வாராத கிளைகளின் கடைக்கோடியில் நீர் மீண்டும் நிற்கத் தொடங்குகிறது. உப்புப் பொரிந்த அந்தத் திட்டுகளில், வேறெதுவும் இறங்கத் துணியாத மண்ணில், உமரி மட்டும் தரையோடு படர்ந்து கிடக்கிறது.